ஆறாவது வரி

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் கூண்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. நீ இதைப் பிரிக்கிறாய் என்றால் அவன் வந்து சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். முதலில் அவனுக்குத் தண்ணீர் வை. பிறகு படி.

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. நீயும் மாமாவும் உங்கள் செல்லப் பெண் குட்டியும் இந்த நேரம் ஒரு நாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கூண்டுக் கதவில் ஒரு கிண்ணம் மாட்டியிருக்கும். அதில் தண்ணீரை உறைய வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். விமானத்தில் ஏற்றி இறக்கும்போது சிந்தாது. போகப்போக உருகும், நாய் நக்கிக்கொண்டே வரும். உள்ளே விரித்திருக்கும் சாம்பல் நிறச் சட்டை என்னுடையது. நான்கு நாள் போட்டு, துவைக்காமல் வைத்தேன். நீயும் கொஞ்ச நாளைக்குத் துவைக்காதே. புது வீட்டில் அவனுக்குத் தெரிந்தது அந்த வேர்வை நாற்றம் ஒன்றுதான்.

இங்கே அவன் பெயர் வாத்தியார். கண்ணுக்கு மேலே வெள்ளையாக இரண்டு புருவம் இருக்கிறது, பார். சாப்பாட்டு வண்டி உருளும் சத்தம் கேட்டால் மற்ற இருபத்தைந்து நாயும் கம்பியில் ஏறி நின்று கத்தும். இவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பான். குட்டி வேறு பெயர் வைத்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டான். வாத்தியார்களுக்கு நாம் வைக்காத பெயரா?

இலக்கியம் படித்துவிட்டு வேற்று நாட்டில் போய் நாய்க் கொட்டடி கழுவுகிறாயே என்று போன தடவை கேட்டாய். கழுவுவது காலையில் மட்டும். மதியம் எழுதுகிறேன். எங்கள் காப்பகம் நடக்கும் பழைய பஸ் பட்டறையின் ஒரு மூலையில் எனக்கு மேசை உண்டு. எண்ணெய்க் கறை இன்னும் தரையில் இருக்கிறது. தெருவில் பிடித்து வந்த ஒவ்வொரு நாய்க்கும் இணையப் பக்கத்தில் ஐந்து வரி. அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமில்லை. நாயே பேசுகிற மாதிரி எழுத வேண்டும். ஐந்து வரியைப் படித்துவிட்டு எங்கோ குளிர் நாட்டில் ஒருவர் அழ வேண்டும், அழுதுவிட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தருவார். அதை நான் ஐந்து வரியாக வெட்டுவேன். அவர் எனக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல்.

வாத்தியாருக்கு எழுதியது உனக்கு மனப்பாடம் என்றாய். இருந்தாலும் குட்டி கேட்டால் படித்துக் காட்ட இங்கே இருக்கட்டும்:

எனக்குப் பெரிய புருவம் உண்டு, கோபம் கிடையாது.
மழைச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவேன், நீங்களும் வரலாம்.
சாப்பாட்டுக்குச் சண்டை போட மாட்டேன்.
கயிறு கட்டினால் உங்கள் வேகத்துக்கு நடப்பேன்.
மூன்றரை வருடமாக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், வருவது நீங்கள்தானா என்று.

மூன்றரை வருடம் என்பது உண்மை. அவனுக்குப் பிறகு வந்த நாற்பது நாய்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டன. பெரிய நாய், வயது ஏறிய நாய், அழகு என்று சொல்ல முடியாது. உன் படிவம் வந்த அன்று எங்கள் வண்டிக்காரர் கொட்டடி வாசலில் நின்று அவனிடம் சொன்னார்: “நமக்கு விசா கேட்டா ஆயிரம் கேள்வி கேக்கறான். உனக்குப் பாரு, முதுகுல ஒரு ஊசி, கழுத்துல அடையாளத்துக்கு ஒரு சிப்பு, பறந்துட்டே.”

படிவத்தில் ‘குழந்தைகளோடு எப்படி’ என்ற இடத்தில் ‘நன்றாகப் பழகுவான்’ என்று பார்த்த பிறகுதான் மாமா சம்மதித்தார் என்று சொன்னாய். அவருக்கு என் நன்றியைச் சொல். வீடு மாறியதிலிருந்து குட்டி பள்ளிக்கூடத்தில் தனியாகவே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்றாயே, அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இனி சாயங்காலமாவது ஒரு துணை.

டாக்டரம்மா எழுதிய பக்கத்தை அனுப்பவில்லை. பெரும்பாலும் மருந்து விவரம். வேண்டியதை நான் போனில் சொல்கிறேன்.

அவனைப் பார்த்துக்கொள். உன்னிடம் வந்தால் எதுவும் நன்றாகிவிடும்.

அன்புத் தங்கை


மார்ச் 11

அக்கா,

போனை நீ எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை. அவர் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்தேன். குட்டியின் கன்னத்தில் ஆறு தையல். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. அதைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போனை எடுக்காததால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

குட்டிக்கு வலி குறைந்ததா? சாப்பிடுகிறாளா? வாயை அசைத்தால் இழுக்குமே.

போன ஞாயிறு வரைக்கும் எல்லாம் சரியாகத்தானே இருந்தது. முதல் வாரம் நீ அனுப்பிய படத்தைக் கொட்டடியில் எல்லாரிடமும் காட்டினேன். குட்டி நோட்டை விரித்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே வாத்தியார், வீட்டுப்பாடம் திருத்துவது போல. வண்டிக்காரர் அதைத் தன் போனில் வாங்கிக்கொண்டார். இன்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நகராட்சிக் காப்பகத்தில் பத்து நாள் வைத்துக் கவனிக்கிறார்கள் என்றும், பத்தொன்பதாம் தேதி முடிவு என்றும் மாமாவின் செய்தியில் இருந்தது. அந்த அதிகாரி இரண்டு விஷயம்தான் பார்ப்பாராம். நாயைச் சீண்டினார்களா? இதற்கு முன்பு கடித்ததுண்டா? சீண்டியதால் கடித்தது என்றால், அதுவும் முதல் தடவை என்றால், விட்டுவிடுவார்கள். வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள்.

அக்கா, சும்மா இருக்கும்போது அவன் கடிக்க மாட்டான். குட்டி விளையாட்டாக வாலைப் பிடித்து இழுத்திருப்பாள். காதைத் திருகியிருப்பாள். குழந்தைதானே, அவளுக்கு என்ன தெரியும்? அவளைத் திட்டாதே. ஆனால் அதிகாரி வரும்போது அதைச் சொல்லிவிடு. வாலை இழுத்தாள் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் அவன் பிழைத்துப் போவான்.

இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லைதான். கேட்கிறேன்.

குட்டிக்குச் சித்தியின் முத்தம். தையல் இல்லாத கன்னத்தில்.

தங்கை


மார்ச் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் முன்பு வாத்தியாரோடு வந்தவரைப் போல ஒரு பயணி. சொந்த வேலையாக விமானத்தில் போகிறவர்கள் எங்கள் நாய்களைத் தங்கள் பேரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நாளை இவர் கூட நான்கு நாய்கள் வந்திருக்க வேண்டும். வெறுங்கையோடு வருகிறார். இந்த உறையும் ஒரு பையும் மட்டும். பையில் என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய செய்தி வந்தது. நாலைந்து வரி. அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

“நீ எழுதினதை மாமா எனக்குப் படிச்சுக் காட்டினப்ப குட்டி கதவுகிட்ட நின்னுட்டிருந்தா. மறுநாள் அதிகாரி வந்ததும் நாங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவளே சொல்லிட்டா, நான் வாலை இழுத்தேன்னு. இப்ப பள்ளிக்கூடத்துலயும் அதையேதான் சொல்றா. இழுக்கல. நான் பக்கத்துல நின்னு பாத்திரம் துடைச்சுட்டிருந்தேன். தினமும் தரையில உட்கார்ந்து படிப்பா, அன்னிக்கு எழுந்து நின்னு அவன் தலையைத் தடவினா. அவ்வளவுதான். உனக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியும்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய் நான்கு கொட்டடி கழுவிவிட்டு வந்தேன்.

அவன் தலையில், இரண்டு காதுக்கும் நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. மயிர் மூடியிருப்பதால் தெரியாது. மயக்க மருந்தில் இருந்தபோது டாக்டரம்மா தொட்டுக் கண்டுபிடித்தார். விழித்திருக்கும்போது அதைத் தொட யாரையும் அவன் விட்டதில்லை. தெருவில் இருந்தபோது கடைக் கதவை இழுக்கும் கம்பியால் யாரோ மேலிருந்து அடித்திருக்கிறார்கள். எத்தனை முறை என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. இங்கே வந்த முதல் வருடம், கழுவ வந்த ஒரு பெண் பாவம் என்று தலையில் கை வைத்தாள். மணிக்கட்டைக் கடித்தான். அடுத்த வருடம் வண்டிக்காரர். கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. “நான்தான் மேலேர்ந்து கை வச்சேன், அவன் மேல தப்பு இல்ல” என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா எழுதித் தந்த பக்கத்தில் கடைசியாக இருந்தது இது: தலைக்கு மேலிருந்து கை வந்தால் கடிப்பான், இருமுறை நடந்திருக்கிறது, குழந்தை இல்லாத வீடு மட்டும்.

நான் முதலில் ஆறு வரி எழுதினேன். ஆறாவதாக அதுவும் இருந்தது. கட்டம் ஐந்து வரிதான் எடுக்கும். ஒன்றை வெட்ட வேண்டும்.

இடமில்லை, அதனால் வெட்டினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். முதல் வரியை வெட்டியிருக்கலாம். புருவம் உண்டு, கோபம் கிடையாது. அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அவனைப் பற்றி எழுதியதில் அது ஒன்றுதான் அழகாக இருந்தது. அது மட்டும்தான் உண்மையும் இல்லை.

அதற்குப் பிறகு உன் படிவம் வந்தது. குழந்தைகளோடு எப்படி என்ற கேள்விக்கு இங்கிருந்து பதில் நிரப்பியது நான். அங்கே ஐந்து வரிக் கணக்கு எதுவும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ‘நன்றாகப் பழகுவான்’ என்று இரண்டு சொல் எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். யோசித்துப் பார்த்தேன். மாமா படித்தால் வேண்டாம் என்பார். நீ மட்டும் என்றால் சமாளித்துவிடுவாய். முதலில் வந்து சேரட்டும், பழகட்டும், பிறகு உன்னிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அவன் வந்த பிறகு இரண்டு முறை போனில் பேசினோம். என் இருமலைப் பற்றிப் பேசினேன். உன் புது அடுப்பைப் பற்றிக் கேட்டேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். நீ சந்தோஷமாக இருந்தாய் அக்கா. குட்டி பின்னால் அவனுக்கு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று இருந்தது. அடுத்த வாரம் என்று தள்ளினேன். அடுத்த வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்குத் தேர்வு. தேர்வு முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் வந்தேன் என்பது உனக்குத் தெரியும். தேர்வுக்குப் பிறகு அந்த மூன்று நாள் நான் என்ன செய்தேன் என்று நீ கேட்டதே இல்லை. ஒன்றும் செய்யவில்லை. விடுதி அறையில் படுத்திருந்தேன். அக்கா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். கஷ்டமானதை எல்லாம் உன் பக்கம் தள்ளிவிட்டு, அது உன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புவது என் சுபாவம். வாத்தியாரையும் அப்படித்தான் தள்ளினேன்.

பதினோராம் தேதிக் கடிதம் இதைவிடக் கேவலம். எல்லாம் தெரிந்தே எழுதியது. பழியை ஆறு வயதுக் குழந்தையின் பக்கம் தள்ளினேன். அவளும் என்னைப் போல் இல்லாமல், தள்ளியதை வாங்கிக்கொண்டாள்.

நேற்று அந்த அதிகாரியின் அலுவலகத்திலிருந்து எங்கள் மேலாளருக்குக் கடிதம் வந்தது. குழந்தை சீண்டியதாக ஒப்புக்கொண்டது, முன்பு கடித்ததாகப் பதிவு இல்லை, பத்தொன்பதாம் தேதி நாயை விடுவிக்கலாம், வேறு வீடு பார்க்கவும். மேலாளர் சந்தோஷமாக வந்து என் மேசையில் வைத்தார். புதிதாக ஐந்து வரி எழுதச் சொன்னார்.

உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அந்த ஐந்து வரியை நான் எழுதாவிட்டாலும் அவன் பிழைத்திருப்பான், அக்கா. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குட்டி, வாலை இழுத்ததால்தான் தன் கன்னம் கிழிந்தது என்று நம்பிக்கொண்டே வளர்வாள். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம். அவன் வேறு ஒரு வீட்டில் மேசைக்கு அடியில் படுத்திருப்பான், யாராவது ஒருநாள் அன்பாக அவன் தலைக்குக் கையைக் கொண்டு போகும் வரை.

டாக்டரம்மாவின் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டினேன். ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே மேசையில் வைத்தார். கத்தவில்லை. “ஒரு வரி. ஒரே ஒரு வரிதானேம்மா” என்றார். பிறகு அடுத்த நாயைக் கொண்டு வரச் சொன்னார்.

உன்னைச் சொல்ல வைக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் அந்தப் பக்கத்தையும் நான் செய்ததையும் அதிகாரிக்கு நானே அனுப்பிவிட்டேன். இந்த ஒரு முறையாவது உன்னிடம் தள்ளவில்லை. இன்று காலை பதில் வந்தது. கிடைத்தது என்றும், பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஊசி என்றும். வேறு ஒன்றும் இல்லை. என்னைவிடச் சுருக்கமாக எழுதுகிறார்.

நான் மறைத்தது தெரிந்ததும், உங்கள் பக்கத்தில் எங்கள் நாய்களை வாங்கி வீடு தேடித் தருகிறவர்கள் இனிமேல் இங்கிருந்து எதையும் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நியாயம். கிளம்பத் தயாராகப் பதினொரு நாய்கள் இருந்தன. இரண்டு வாரமாகக் கூண்டுக்குள்ளேயே சாப்பாடு வைத்துப் பழக்கியிருந்தோம், பயணத்தில் பயப்படாமல் இருக்க. இப்போது கூண்டுகளைச் சுவர் ஓரமாக அடுக்கியாகிவிட்டது. ஆனால் கொட்டடியைத் திறந்துவிட்டால் அவை நேராக அங்கே போகின்றன. கீழ் வரிசையில் கதவு திறந்திருக்கும் கூண்டுக்குள் தானாகவே ஏறி, திரும்பி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கின்றன. வண்டிக்காரர் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து விடுகிறார். மறுபடி போய் உட்காருகின்றன. அவர் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. எல்லாரையும் கேலி செய்கிற மனிதர். கேலி செய்திருந்தால் தேவலை.

மேலாளர் இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். கழுவும் வேலை இருக்கிறது. இருக்கும் வரை கழுவுகிறேன்.

குட்டியிடம் சொல். வாலை யாரும் இழுக்கவில்லை என்று சொல். தலையைத் தடவுவது தப்பில்லை, உலகத்தில் எல்லாரும் பிரியமானவர்களை அப்படித்தான் தொடுவார்கள் என்று சொல். தெரிந்திருந்தும் சித்தி சொல்லவில்லை என்று சொல். அவன் எங்கே என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தாயா, இதை மறுபடி உன்னிடம்தான் தள்ளுகிறேன்.

மாமாவுக்கு ஒன்றும் எழுதவில்லை. அவர் முதலிலேயே வேண்டாம் என்றவர்.

நானே வர முடியுமா என்று பார்த்தேன். விசாவுக்கு மூன்று வாரம் என்றார்கள். வண்டிக்காரர் சொன்னது சரிதான்.

இனி கேட்கப்போவது ஒன்றுதான். மாட்டேன் என்று நீ சொன்னால் அதிலும் தப்பு இல்லை. உன் மகளின் கன்னத்தைக் கிழித்தவனுக்காக உன்னைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை பத்து மணிக்கு நீ அந்த நகராட்சிக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அவனுக்கு அந்தக் கட்டடத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. பையில் இருப்பது என் சட்டை. இதுவும் நான்கு நாள் போட்டது, துவைக்கவில்லை. அவன் படுக்கும் இடத்தில் விரித்துவிடு. வாத்தியார் என்று ஒரு தடவை கூப்பிடு. சத்தமாக வேண்டாம், பாடம் கேட்கிற மாதிரி.

பிறகு நின்றுகொண்டே குனியாதே. தரையில் உட்கார். கையை மேலிருந்து கொண்டு போகாதே. கீழிருந்து, உள்ளங்கை தெரிகிற மாதிரி, தாடைக்குப் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்து. மீதித் தூரம் அவனே வருவான். தாடையைக் கொண்டு வந்து உன் கையில் வைப்பான். கனமாக இருக்கும். ஊசி போடுகிறவரிடமும் சொல். எல்லாரும் கீழிருந்தே வரச் சொல்.

அவனைத் தொடப் போன யாரும் இதுவரை கையை எடுக்காமல் இருந்ததில்லை, அக்கா.

குட்டியின் கன்னம் ஆறட்டும். தழும்பு நிற்காமல் ஆறட்டும். அவளும் அவனைப் போல ஆகிவிடாமல், யார் கை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பயப்படாதவளாக வளரட்டும்.

தங்கை